ஓடும் ஷீட்டை நிறுத்தினேன்: 3,600 வரிசையைச் சரியாக செலக்ட் செய்ய ஒரு சீரமைப்பு

எங்கள் ஊர் பால் கூட்டுறவுச் சங்கத்தில் பத்து நாளைக்கு ஒரு முறை பால் பணம் பட்டுவாடா. காலையில் 180 பேர், மாலையில் 180 பேர் பால் ஊற்றுகிறார்கள். ஒரு நாளைக்கு 360 பதிவு, பத்து நாளைக்கு 3,600. பால் சோதிக்கும் கருவியிலிருந்து பென் டிரைவில் வரும் பதிவுகளைத் தினமும் அந்த மாதத்துக்கான ஒரே எக்செல் ஷீட்டில் அடியில் ஒட்டிக்கொண்டே வருகிறேன். ஏ நெடுவரிசையில் தேதி, பி-யில் காலையா மாலையா, சி-யில் உறுப்பினர் எண், டி-யில் பெயர், இ-யில் லிட்டர், எஃப்-இல் கொழுப்பு, ஜி-யில் எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு நீங்கலான திடச்சத்து), எச்-இல் தொகை. பட்டுவாடா நாளன்று அந்தப் பத்து நாளின் வரிசைகளை மட்டும் செலக்ட் செய்து, காப்பி எடுத்து, பட்டுவாடா ஷீட்டில் ஒட்ட வேண்டும்.

இரண்டு வருடமாக இதை மவுஸால் இழுத்துத்தான் செய்துவந்தேன். முதல் வரிசையில் பட்டனை அழுத்துவது, அழுத்தியபடியே கீழே இழுப்பது, ஷீட் தானாக ஓட ஆரம்பித்ததும் தேதியைப் பார்த்துக்கொண்டே இருப்பது, 20 முடிந்து 21 வரும் இடத்தில் விடுவது. சொல்ல எளிது. ஷீட் ஓடும் வேகத்தில் 21 வந்ததைக் கண் பார்த்து, கை விடுவதற்குள் 23-ஆம் தேதிக்குப் போயிருக்கும். மேலே இழுத்தால் 18-க்கு வந்து நிற்கும். இப்படி இரண்டு மூன்று தடவை மேலும் கீழும் அலைந்த பிறகுதான் சரியான இடம் கிடைக்கும்.

மே மாத இரண்டாவது பட்டுவாடாவில் அது சரியாகக் கிடைக்கவில்லை. பணம் வாங்கிப் போன ஆத்தா ஒருவர் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"ஏங் கண்ணு, இருவதாந் தேதி சாயங்காலப் பால் சேர்த்தலையா? மூன்றரை லிட்டர் ஊத்துனேன். அட்டையில எழுதியிருக்குது, நீயே பாரு."

"இருங்க ஆத்தா, பார்த்துச் சொல்றேனுங்க."

பார்த்தேன். அவர் ஊற்றிய பால் மூல ஷீட்டில் இருந்தது, பட்டுவாடா ஷீட்டில் இல்லை. அவருடையது மட்டுமல்ல. 20-ஆம் தேதி மாலையில் கடைசியாக வந்த 22 பேரின் பதிவும் இல்லை. நான் மேலே இழுத்துத் திருத்தும்போது, ஷீட் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும்போதே பட்டனை விட்டிருக்கிறேன். திரையில் "20, மாலை" என்று தெரிந்ததால் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். மாலையில் கடைசியாக வருபவர்கள் காட்டு வேலை முடித்து, ஒன்றிரண்டு மாட்டைக் கறந்துகொண்டு வருபவர்கள். மூன்றரை லிட்டர் பணம் அவர்களுக்குச் சின்னத் தொகை அல்ல. அன்றே 22 பேருக்கும் துணைப் பட்டியல் போட்டுக் கொடுத்தோம். அன்று இரவு வீட்டுக்குப் போகாமல் சங்கத்திலேயே உட்கார்ந்து, இந்த ஓட்டத்தை எப்படி அடக்குவது என்று பார்க்க ஆரம்பித்தேன். நான்கைந்து இரவு வேலை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மவுஸ் மேல் சந்தேகம்

யாராக இருந்தாலும் முதலில் மவுஸ் செட்டிங்கைத்தான் திறப்பார்கள். நானும் திறந்தேன். விண்டோஸ் செட்டிங்ஸில் மவுஸ் பகுதியில், சக்கரத்தை ஒரு முறை உருட்டினால் எத்தனை வரி நகர வேண்டும் என்று ஓர் இடம் இருக்கிறது. வழக்கமாக 3 இருக்கும். அதை 1 ஆக்கினேன். எக்செல்லுக்கு வந்து இழுத்துப் பார்த்தேன். ஓட்டம் துளியும் குறையவில்லை. பாயிண்டர் வேகத்தைக் குறைத்தேன். அம்புக்குறி மெதுவாக நகர்ந்ததே தவிர, ஷீட் அதே வேகத்தில் ஓடியது.

காரணம் யோசித்தால் விளங்குகிறது. மவுஸ் செட்டிங் என்பது சக்கரத்துக்கும் அம்புக்குறிக்கும் உள்ளது. இழுக்கும்போது நான் சக்கரத்தைத் தொடுவதே இல்லை. பட்டனை அழுத்தியபடி அம்புக்குறி செல்கள் இருக்கும் பகுதியை விட்டு வெளியே போனதும், எக்செல் தானாகவே ஷீட்டை நகர்த்த ஆரம்பிக்கிறது. நான் கையை அசைக்காமல் வைத்திருந்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வேகத்தை எக்செல்தான் தீர்மானிக்கிறது. எக்செல்லின் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் அட்வான்ஸ்டு பகுதியை மேலிருந்து கீழ் வரை இரண்டு முறை படித்தேன். இந்த வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ அங்கே ஒரு பெட்டியும் இல்லை.

வரி எண்ணிக்கையைத் திரும்ப 3 ஆக்கிவிட்டேன். இந்த செட்டிங் வேறோர் இடத்தில் பயன்படும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம்

செட்டிங்கில் இல்லை என்றால் வேகம் எதைப் பொறுத்தது? வெற்று ஷீட் ஒன்றைத் திறந்து, ஏ நெடுவரிசையில் 1 முதல் 5,000 வரை எண்களை நிரப்பினேன். பட்டனை அழுத்தி, அம்புக்குறியைக் கடைசி வரிசைக்குச் சற்றுக் கீழே, ஷீட் பெயர்கள் இருக்கும் பட்டையின் மேல் வைத்து அசையாமல் பிடித்தேன். எண்கள் ஒவ்வொன்றாக ஏறின, படிக்க முடிந்தது. அப்படியே கையை இன்னும் கீழே, டாஸ்க்பாருக்கு இறக்கினேன். எண்கள் கலங்கிப் போய்ப் படிக்க முடியாத வேகம். மறுபடி மேலே கொண்டு வந்தேன், வேகம் குறைந்தது. செல்களுக்கு உள்ளே கொண்டு வந்தேன், சட்டென்று நின்றது.

அவ்வளவுதான் விஷயம். செல் பகுதியின் விளிம்பிலிருந்து அம்புக்குறி எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு வேகம். ஆக்ஸிலேட்டர் என்பது நம் கை நிற்கும் இடம்தான். மெதுவாக வேண்டுமென்றால் விளிம்பை ஒட்டியே இருக்க வேண்டும். வேகமாக வேண்டுமென்றால் தள்ளிப் போக வேண்டும்.

அப்படியானால் நான் ஏன் இரண்டு வருடமாக இதைப் பிடிக்கவில்லை? எங்கள் லேப்டாப் திரை சின்னது, 1366-க்கு 768. எக்செல்லைத் திரை முழுக்க விரித்து வைத்திருப்போம். கடைசி வரிசைக்கும் திரையின் அடி விளிம்புக்கும் நடுவே ஒரு விரல் அகலம்தான். அந்த ஒரு விரலுக்குள் ஷீட் பெயர்ப் பட்டை, ஸ்டேட்டஸ் பார், டாஸ்க்பார் மூன்றும் அடுக்கி இருக்கின்றன. அவசரத்தில் இழுக்கும் கை பெயர்ப் பட்டையில் நிற்பதில்லை, நேராகத் திரையின் அடியில் போய் மோதுகிறது. மெதுவான கியர் ஒன்று இருப்பதே தெரியாமல் எப்போதும் மேல் கியரிலேயே ஓட்டியிருக்கிறேன்.

மேல்பக்கம் இன்னும் மோசம். திருத்துவதற்காக மேலே இழுக்கும்போது, நெடுவரிசைத் தலைப்பு, ஃபார்முலா பார், ரிப்பன் என்று மூன்று நான்கு விரல் அகலம் காலியாகக் கிடக்கிறது. கை அதில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஷீட் பறக்கிறது. கீழே தாண்டியதைவிட மேலே தாண்டியதுதான் எனக்கு எப்போதும் அதிகம். அந்த 22 பேர் விட்டுப்போனதும் மேலே இழுத்தபோதுதான்.

இதற்கு இரண்டு வேலை செய்தேன். எக்செல் விண்டோவை முழுத்திரையிலிருந்து எடுத்து, அடி விளிம்பைப் பிடித்து மேலே தூக்கி, கீழே நான்கு விரல் அகலம் டெஸ்க்டாப் தெரியும்படி விட்டேன். இப்போது கை இறங்க இடம் இருக்கிறது. முன்பு இரண்டே கியர் இருந்த இடத்தில் நாலைந்து கியர் கிடைத்தது. முதல் 3,000 வரிசையை வேகமாக ஓட்டிவிட்டு, கடைசிப் பகுதியில் கையை விளிம்புக்குக் கொண்டு வந்து, ஊர்ந்து போய் நிறுத்த முடிகிறது. அப்புறம் கன்ட்ரோல் விசையுடன் எஃப்1 அழுத்தி ரிப்பனைச் சுருட்டினேன். மேல்பக்கம் காலி இடம் குறைந்தது, கூடவே நான்கைந்து வரிசை அதிகமாகத் தெரிந்தது.

இன்னொன்றும் செய்தேன். என்னைத் தவிர மாலை நேரத்தில் ஒரு தங்கச்சி இந்த லேப்டாப்பில் வேலை செய்கிறது. விளிம்பு, தூரம் என்று வாயால் சொல்வதைவிடக் காட்டுவது மேல் என்று நினைத்து, மின்சார வேலைக்கு வைத்திருக்கும் சிவப்பு இன்சுலேஷன் டேப்பில் அரிசி அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, திரையின் பக்கச் சட்டத்தில் ஷீட் பெயர்ப் பட்டைக்கு நேராக ஒட்டினேன். "சிவப்புக் கோட்டுக்கு நேரா மவுஸ வெச்சுக்கம்மா, மெதுவாப் போகும். அதுக்குக் கீழ எறக்குனா ஓடிரும்." அவ்வளவுதான் சொன்னேன். இரண்டாவது தடவையே சரியாக நிறுத்திவிட்டது.

தாண்டிப் போய்விட்டால் என்ன செய்வது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதைத் தெரியாமல் நிறைய நேரம் வீணாக்கியிருக்கிறேன். மவுஸால் திருத்தவே வேண்டாம். பட்டனை விட்டுவிடுங்கள். செலக்ட் ஆனது அப்படியே இருக்கும். இப்போது ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு மேல் அம்பு விசையைத் தட்டினால், ஒரு தட்டுக்கு ஒரு வரிசை குறையும். கீழ் அம்பு என்றால் ஒரு வரிசை கூடும். ஷிஃப்டுடன் பேஜ் அப், பேஜ் டவுன் என்றால் ஒரு திரை அளவு. ஐம்பது வரிசை தாண்டியிருந்தாலும் இரண்டு பேஜ் அப், நாலைந்து அம்பு, முடிந்தது. ஓட்டத்தைத் துல்லியமாக நிறுத்த முயல்வதைவிட, கிட்டத்தட்ட நிறுத்திவிட்டு விசையால் சரிசெய்வது எவ்வளவோ நிம்மதி.

திரை பிந்துகிறது

வேகம் பிடிபட்ட பிறகும் பழைய ஷீட்டில் ஏதோ ஒன்று உறுத்தியது. நான் சோதனைக்கு உருவாக்கிய வெற்று ஷீட்டில் கையை உள்ளே கொண்டு வந்ததும் நின்றது. பால் ஷீட்டில் ஒரு கணம் கழித்து, திக்கித் திக்கி நின்றது. அதாவது நான் பார்க்கும் வரிசை ஒன்று, எக்செல் போய்ச் சேர்ந்திருக்கும் வரிசை வேறொன்று. இந்த நிலையில் எவ்வளவு கவனமாக விட்டாலும் தப்பத்தான் செய்யும்.

எஸ்.என்.எஃப். 8-க்குக் கீழே வந்தால் செல் சிவப்பாக வேண்டும் என்று கன்டிஷனல் ஃபார்மாட்டிங் போட்டிருந்தேன். ஒரே ஒரு விதி. மேனேஜ் ரூல்ஸ் திறந்து, இந்த ஷீட் முழுவதற்கும் என்று மாற்றிப் பார்த்தால், ஒரே விதி பட்டியலில் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. தினமும் காப்பி எடுத்து ஒட்டும்போதெல்லாம் விதியும் துண்டு துண்டாகப் பெருகியிருக்கிறது. ஒன்று ஜி3 முதல் ஜி362 வரை, இன்னொன்று அடுத்த நாளுக்கு, இன்னொன்று நடுவே ஒரே ஒரு செல்லுக்கு. கன்டிஷனல் ஃபார்மாட்டிங், செல் திரையில் வரையப்படும்போதெல்லாம் கணக்கிடப்படும். ஷீட் ஓடும்போது ஒவ்வொரு நகர்வுக்கும் திரையை முழுதாக வரைய வேண்டும், ஒவ்வொரு முறையும் இத்தனை விதிகளையும் பார்க்க வேண்டும். பிந்தாமல் என்ன செய்யும்.

எல்லா விதியையும் அழித்துவிட்டு, ஜி3 முதல் ஜி20000 வரை ஒரே விதியாகப் போட்டேன். அதன் பிறகு தினசரிப் பதிவை ஒட்டும்போது பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் மட்டும் தேர்ந்தெடுத்து ஒட்டுகிறேன். மதிப்பு மட்டும் வரும், விதி வராது, பெருகாது. திக்கல் போய்விட்டது.

ஸ்க்ரோல் பாரில் இருக்கும் கட்டை குண்டுமணி அளவுக்குச் சுருங்கிக் கிடந்ததை அப்போதுதான் கவனித்தேன். மயிரிழை நகர்த்தினாலும் ஷீட் எங்கோ போய்விடும். கன்ட்ரோலுடன் எண்ட் அழுத்தினேன். 1,048,576-ஆம் வரிசைக்குப் போனது. எக்செல் 2007 முதல் ஒரு ஷீட்டில் உள்ள கடைசி வரிசை அதுதான். (அதற்கு முந்தைய கோப்பு வகையில் 65,536 வரிசைதான். எங்கள் சங்கத்துக்கு 182 நாளில் நிரம்பிவிடும்.) மே மாதம் முழுவதற்கும் எங்களுக்கு 11,160 வரிசை. மிச்சம் பத்து லட்சத்துக்கும் மேல் எதற்கு? என்றோ ஒரு நாள் யாரோ காலி இடத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், கீழ் அம்பு மூன்றையும் அழுத்தி அடி வரை செலக்ட் செய்து கட்டம் போட்டிருக்கிறார்கள். செல்லில் எழுத்து இல்லாவிட்டாலும் கட்டம் இருந்தால் அது பயன்பட்ட செல் என்றே எக்செல் கொள்கிறது.

எங்கள் திரையில் அந்தக் கட்டை நகரும் பாதை தோராயமாக 400 பிக்சல். பத்து லட்சத்துச் சொச்ச வரிசையை அதில் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 2,600 வரிசை. ஒரு பிக்சல் நகர்த்தினால் ஏழு நாள் கணக்கு ஓடிவிடும். 11,160 வரிசை மட்டும் என்றால் ஒரு பிக்சலுக்கு 28 வரிசை, அதாவது ஏறத்தாழ ஒரு திரை. இதைச் சரிசெய்யாமல் ஸ்க்ரோல் பாரைத் தொடுவதில் பொருளே இல்லை.

சரிசெய்யும் முறை: பதிவுகள் முடிந்ததற்கு அடுத்த வரிசையின் எண்ணைக் கிளிக் செய்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், கீழ் அம்பு அழுத்தி அடி வரை வரிசைகளை செலக்ட் செய்ய வேண்டும். பிறகு வலது கிளிக் செய்து, வரும் பட்டியலில் டிலீட் கொடுக்க வேண்டும். விசைப்பலகையில் உள்ள டிலீட் விசை இதற்கு உதவாது. அது எழுத்தை மட்டும் அழிக்கும், கட்டம் அப்படியே இருக்கும். அழித்ததும் கோப்பை சேவ் செய்து, மூடித் திறந்தேன். கட்டை பெருவிரல் நகம் அளவுக்கு வளர்ந்திருந்தது. இது இழுக்கும்போது ஓடும் வேகத்தை மாற்றாது. ஆனால் அடுத்து சொல்லப்போகும் வழிக்கு இது சரியாக இருந்தே ஆக வேண்டும்.

இழுக்காமலே செலக்ட் செய்வது

3,600 வரிசை என்பது இழுப்பதற்கான அளவே இல்லை என்று மூன்றாவது இரவில் முடிவு செய்தேன். ஐம்பது நூறு வரிசை வரைக்கும் இழுக்கலாம். அதற்கு மேல், இரண்டு முனையையும் சொல்லிவிட்டால் நடுவில் இருப்பதை எக்செல் எடுத்துக்கொள்ளும்.

மிக எளிய வழி ஷிஃப்ட் கிளிக். முதல் செல்லைக் கிளிக் செய்யுங்கள். கையை எடுத்துவிட்டு, சக்கரத்தாலோ ஸ்க்ரோல் பாராலோ கீழே போங்கள். எந்த அவசரமும் இல்லை, நடுவில் டீ குடித்துவிட்டு வந்தாலும் முதல் செல் காத்துக்கொண்டிருக்கும். கடைசி வரிசை திரையில் வந்ததும், ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு எச் நெடுவரிசையில் அந்த செல்லைக் கிளிக் செய்யுங்கள். முடிந்தது. நடுவே வேறு எந்த செல்லையும் தொடக் கூடாது, அதுதான் ஒரே நிபந்தனை. சக்கர வரி எண்ணிக்கை பயன்படும் இடம் இதுதான். கட்டையால் பக்கத்தில் போய்விட்டு, கடைசிச் சில வரிசைகளைச் சக்கரத்தால் தேடும்போது 3 வரி எனக்குச் சரியாக இருக்கிறது. கண் மங்கலான பெரியவர்களுக்கு 1 வைத்துக் கொடுக்கலாம்.

ஷிஃப்டைத் தொடர்ந்து பிடிக்கச் சிரமம் என்றால் எஃப்8 இருக்கிறது. முதல் செல்லில் நின்று எஃப்8 அழுத்தினால், அடியில் ஸ்டேட்டஸ் பாரில் எக்ஸ்டெண்ட் செலக்ஷன் என்று வரும். அதன் பிறகு எந்த செல்லைக் கிளிக் செய்தாலும் அது வரை செலக்ட் ஆகும். எஸ்கேப் அழுத்தினால் இந்த நிலை முடியும். லேப்டாப்பின் டச்பேடில் வேலை செய்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. டச்பேடில் அழுத்தியபடி இழுப்பது விரல் வலிக்கிற வேலை.

வரிசை எண் தெரிந்திருந்தால் நேம் பாக்ஸ் போதும். ஃபார்முலா பாருக்கு இடப்பக்கம், செல்லின் பெயர் தெரியும் சின்னப் பெட்டி. அதில் ஏ3603:எச்7202 என்று (ஆங்கில எழுத்தில்) தட்டி எண்டர் அழுத்தினால் 3,600 வரிசையும் ஒரே நொடியில் செலக்ட் ஆகின்றன. வீட்டில் என்னிடம் லிப்ரேஆபீஸ் கால்க் இருக்கிறது. அதிலும் இந்தப் பெட்டி இதே இடத்தில், இதே மாதிரி வேலை செய்கிறது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், கீழ் அம்பு என்ற குறுக்கு வழியைப் பலர் சொல்வார்கள். எனக்கு அது பொருந்தவில்லை. அது பதிவுகள் முடியும் இடம் வரைக்கும் போய்விடும். நான் பட்டுவாடா போடும் நாளில் 21, 22-ஆம் தேதிப் பதிவுகளும் சேர்ந்துவிட்டிருக்கும். நடுவில் ஒரு செல் காலியாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும் என்பது இன்னொரு சிக்கல்.

எப்படி செலக்ட் செய்தாலும் ஒட்டுவதற்கு முன் இரண்டு சரிபார்ப்பு செய்கிறேன். கன்ட்ரோலுடன் புள்ளி விசையை அழுத்தினால், செலக்ட் ஆன பகுதி கலையாமல், அதன் நான்கு மூலைக்கும் ஒவ்வொன்றாகப் போய் வரும். முதல் வரிசையில் 11 காலை, கடைசி வரிசையில் 20 மாலை, அடுத்த வரிசையில் 21 காலை என்று கண்ணால் பார்த்துக்கொள்கிறேன். பிறகு அதே வரிசைகளுக்கு லிட்டர் நெடுவரிசையை மட்டும் செலக்ட் செய்து, ஸ்டேட்டஸ் பாரில் தெரியும் கவுன்ட்டையும் (எண்ணிக்கை) சம்மையும் (கூட்டுத்தொகை) கைப்பதிவேட்டின் பத்து நாள் மொத்தத்தோடு ஒப்பிடுகிறேன். இந்த ஒரு நிமிட வேலையை முன்பே செய்திருந்தால் அந்த 22 பேரும் வெயிலில் இரண்டாவது தடவை நடந்திருக்க வேண்டாம். இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஒரே கிளிக்கில்

நேம் பாக்ஸில் தட்ட வரிசை எண் வேண்டும். அதை ஒவ்வொரு முறையும் தேடுவதற்குப் பதில் ஷீட்டையே கண்டுபிடிக்கச் சொன்னால் என்ன என்று தோன்றியது. ஷீட்டின் முதல் வரிசையை இதற்கு ஒதுக்கினேன். இரண்டாவது வரிசையில் தலைப்புகள். பதிவுகள் மூன்றாவது வரிசையில் தொடங்குகின்றன. மேல் இரண்டு வரிசையையும் ஃப்ரீஸ் செய்துவிட்டதால் எங்கே போனாலும் தெரியும்.

கே1-இல் தொடக்கத் தேதி, எல்1-இல் முடிவுத் தேதி. எம்1-இல் முதல் வரிசை எண், என்1-இல் கடைசி வரிசை எண். பதிவுகள் தேதி வாரியாக அடுக்கி இருப்பதால், தொடக்கத் தேதிக்கு முந்தைய பதிவுகள் எத்தனை என்று எண்ணி, அதோடு 3 கூட்டினால் முதல் வரிசை. முடிவுத் தேதி வரையிலான பதிவுகளை எண்ணி 2 கூட்டினால் கடைசி வரிசை. எழுதும்போது எல்லாம் ஆங்கில எழுத்தில்:

எம்1: =கவுன்ட்இஃப்(ஏ3:ஏ20000,"<"&கே1)+3

என்1: =கவுன்ட்இஃப்(ஏ3:ஏ20000,"<="&எல்1)+2

11 முதல் 20 வரை போட்டுப் பார்த்தால், முந்தைய பதிவுகள் 3,600, எனவே முதல் வரிசை 3603. 20 வரை 7,200 பதிவுகள், எனவே கடைசி வரிசை 7202. கழித்து ஒன்று கூட்டினால் 3,600. சரி.

இந்த இரண்டு எண்ணையும் சேர்த்து ஓ1-இல் ஓர் இணைப்பு:

ஓ1: =ஹைப்பர்லிங்க்("#ஏ"&எம்1&":எச்"&என்1,"பட்டுவாடா வரிசைகள்")

முன்னால் இருக்கும் # குறி, இந்தக் கோப்புக்குள்ளேயே போ என்று சொல்கிறது. அந்த செல்லைக் கிளிக் செய்தால் ஏ3603 முதல் எச்7202 வரை அப்படியே செலக்ட் ஆகி நிற்கிறது. ஓட்டமும் இல்லை, தாண்டலும் இல்லை. மேக்ரோ எதுவும் எழுதவில்லை என்பதால் கோப்பைத் திறக்கும்போது எச்சரிக்கையும் வருவதில்லை, யார் கையில் கொடுத்தாலும் வேலை செய்யும்.

முதல் சோதனையில் கணக்கு இடித்தது. இரண்டாவது பத்து நாளுக்கு 3,600 வர வேண்டிய இடத்தில் 3,586. பதினான்கு பதிவு எங்கே? ஏ நெடுவரிசையை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். 14-ஆம் தேதி காலையில் மின்சாரம் போய், கருவி வேலை செய்யாத நேரத்தில் வந்த பதினான்கு பேரின் பதிவைக் கையால் சேர்த்திருந்தோம். அந்தத் தேதிகள் மட்டும் செல்லின் இடப்பக்கம் ஒட்டி நின்றன, மற்றவை வலப்பக்கம். நோட்டில் எழுதுகிற வழக்கத்தில் நாள், மாதம், வருடம் மூன்றுக்கும் நடுவே புள்ளி வைத்துத் தட்டியதால், எக்செல் அவற்றைத் தேதியாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்திருக்கிறது. எழுத்தாக இருப்பவை தேதிக் கணக்கில் எண்ணப்படுவதில்லை. அந்த நெடுவரிசையை செலக்ட் செய்து, டேட்டா பகுதியில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் கொடுத்து, மூன்றாவது படியில் தேதி, நாள் மாதம் வருடம் என்ற வரிசையைத் தேர்ந்தெடுத்ததும் பதினான்கும் வலப்பக்கம் நகர்ந்தன. என்1 உடனே 7202 ஆனது. இப்போது புள்ளிக்குப் பதில் சாய்கோடு போட்டுத் தட்டச் சொல்லி, கீபோர்டுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

தேதி வாரியாக அடுக்கி இருந்தால்தான் இந்த இணைப்பு சரியாக வேலை செய்யும். பிந்தி வரும் கைப்பதிவை அடியில் ஒட்டிவிட்டு மறந்தால், எண்ணிக்கை சரியாகவும் வரிசைகள் தப்பாகவும் போய்விடும், கவுன்ட்டைப் பார்த்தாலும் பிடிபடாது. அதனால் பட்டுவாடா நாளில் முதல் வேலையாக, தேதி, வேளை, உறுப்பினர் எண் என்ற மூன்றையும் வைத்து வரிசைப்படுத்துகிறோம் (சார்ட்). மே மூன்றாவது பட்டுவாடா 11 நாள், 3,960 வரிசை. அந்தத் தங்கச்சிதான் போட்டது. சார்ட், ஒரு கிளிக், காப்பி, வேல்யூஸ் மட்டும் பேஸ்ட். லிட்டர் சம் கைப்பதிவேட்டோடு சுத்தமாக ஒத்துப்போனது. அந்த ஆத்தாவின் 31-ஆம் தேதி மாலைப் பால் 3,948-ஆவது வரியில் இருந்தது.